வசனமே இல்லாத, இசை மட்டும் ஒலிக்கும் டைம்லாப்ஸ் ஆவணப்படத்தை எப்படி ரசிப்பது?

கதையைத் தேடாதீர்கள், வேகத்தைக் கவனியுங்கள். டைம்லாப்ஸ் என்றால் இடைவெளி விட்டுப் படமெடுத்து வேகமாக ஓட்டுவது. 5 நொடிக்கு ஒரு படம் எடுத்து, நொடிக்கு 24 படமாக ஓட்டினால் 2 நிமிடம் ஒரே நொடியில் கடந்துவிடும். நம்ம மதுரை யானைமலை மேல் மேகநிழல் ஊர்வதை நின்று பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? இந்த வேகத்தில் அது மலையையே அலையாகத் தாண்டும். மாட்டுத்தாவணி பேருந்து நிலையக் கூட்டத்தை இப்படி, ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரைச் சற்று நேரம் திறந்துவைத்து எடுத்தால் நடப்பவர்கள் கலங்கி ஓட, பேருந்துக்குக் காத்து நிற்பவர் மட்டும் தெளிவாகத் தெரிவார். அப்படி நிற்பவர்களைத்தான் நான் முதலில் தேடுவேன்.

அடுத்து இசை. 1982-இல் வந்த ‘கொயானிஸ்காட்ஸி’ என்ற இவ்வகைப் படத்தில் இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் சிறிய சுரக்கோவைகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவார். சலிப்பாகத் தோன்றினாலும் விடாமல் கேளுங்கள். கோவை லேசாக மாறும் இடத்தில் மனமும் மாறும். நாகஸ்வர ஆலாபனையைச் சொல்லில்லாமலே ரசிக்கிற ஊர்க்காரர்களுக்கு இது எளிது.

கடைசியாக ஒன்று: கைபேசியின் சின்னத் திரையில் பார்க்காதீர்கள்.