ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டங்களில் நீங்கள் மிகவும் மதிக்கும் பெண் போராளி யார்?

ஜோசினா மாஷெல். மொசாம்பிக் நாட்டவர்.

அவரைப் பற்றிய குறிப்புகள் பலவும் 'அதிபர் சமோரா மாஷெலின் மனைவி' என்றே தொடங்குகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை. அவர்களுடைய திருமணம் நடந்தது 1969 மே மாதம். ஜோசினா இறந்தது 1971 ஏப்ரலில். நாடு விடுதலை பெற்று சமோரா அதிபரானதோ 1975இல். ஜோசினா ஒரு நாள்கூட அதிபரின் மனைவியாக இருந்ததில்லை.

1945இல் இன்யம்பானே மாகாணத்தில் பிறந்தவர். போர்ச்சுகீசிய ஆட்சியில் கறுப்பினப் பெண்களுக்குப் படிப்பு எட்டாக்கனி. அவரோ தலைநகர் லூரென்சோ மார்க்கஸ் (இன்றைய மாப்புட்டோ) வரை வந்து படித்தார், அங்கேயே மாணவர் அரசியலிலும் இறங்கினார். 1964இல், 18 வயதில், போர்ச்சுகீசிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஃப்ரெலிமோ விடுதலை இயக்கத்தில் சேர்வதற்காகத் தோழர்கள் சிலருடன் நாட்டைவிட்டுத் தப்பிச் சென்றார். ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) எல்லையிலுள்ள விக்டோரியா அருவி வரை போய்விட்டார்கள். அங்கே பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பல மாதச் சிறைவாசம். அந்த வயதில் அந்தச் சிறையைப் பார்த்த யாரும் ஒதுங்கியிருந்தால் குறை சொல்ல முடியாது. ஜோசினா 1965இல் மறுபடியும் கிளம்பினார். இந்த முறை தான்சானியாவின் தார் எஸ் சலாம் போய்ச் சேர்ந்தார்.

சுவிட்சர்லாந்தில் படிக்க உதவித்தொகை தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1967இல் இயக்கத்தின் பெண்கள் படைப்பிரிவு தொடங்கியபோது, தான்சானியாவிலிருந்த நாச்சிங்வேயா முகாமில் ஆயுதப் பயிற்சி பெற்ற முதல் 25 பெண்களில் அவரும் ஒருவர். அந்தப் பெண்கள் வெடிமருந்து சுமந்தார்கள், மீட்கப்பட்ட பகுதிகளைக் காவல் காத்தார்கள், காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள், ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேசினார்கள். துப்பாக்கியோடு வந்து பேசும் பெண்களைப் பார்த்துவிட்டு, தயங்கி நின்ற ஆண்களும் படையில் சேர்ந்தார்கள். பெண்களுக்கு ஆயுதமா என்று இயக்கத்துக்குள்ளேயே முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். 1968இல் நடந்த ஃப்ரெலிமோவின் இரண்டாவது மாநாட்டில், போராட்டத்தின் எல்லாத் தளங்களிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று வாதாடினார்.

போரில் தாய் தகப்பனை இழந்த குழந்தைகளுக்காக அவர் எடுத்துக்கொண்ட பாடுதான் என்னை மிகவும் பாதித்தது. இயக்கத்தின் சமூகநலப் பொறுப்பு கையில் வந்ததும், மொசாம்பிக்கின் வடக்கே குழந்தைகள் காப்பகங்களை வளர்த்தெடுப்பதில் முழுமூச்சாக இறங்கினார். 1969 நவம்பரில் அவருக்கே ஒரு மகன் பிறந்தான். சில மாதங்களில் அவனைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, போர் நடந்த நியாசா மாகாணத்துக்குப் போனார். நோய் அப்போதே உடம்பைத் தின்னத் தொடங்கியிருந்தது. ஓய்வெடுக்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. 1971இன் தொடக்கத்தில் காபோ டெல்காடோ மாகாணக் காடுகளில் பயணம் செய்து திரும்பும்போது, இனித் தன்னால் முடியாது என்று தெரிந்ததும் கைத்துப்பாக்கியைத் தோழர்களிடம் கொடுத்து, படைத் தளபதியிடம் சேர்க்கச் சொன்னார். ஏப்ரல் 7ஆம் தேதி தார் எஸ் சலாம் மருத்துவமனையில் இறந்தபோது அவருக்கு 25 வயது.

மொசாம்பிக்கில் ஏப்ரல் 7தான் பெண்கள் தினம், அரசு விடுமுறை. மாப்புட்டோவில் ஒரு காலத்தில் போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசாரின் பெயரைத் தாங்கியிருந்த உயர்நிலைப் பள்ளிக்கு இன்று ஜோசினா மாஷெலின் பெயர்.