வாசகர் கேள்வி: குறுக்குவில்லின் நாணைக் கழற்றி மாட்டுவது எப்படி?

கேள்வி: அண்ணா, நான் சட்பரியில் வேலை செய்கிறேன். போன வருடம் கூட வேலை செய்பவரிடம் ஒரு பழைய குறுக்குவில் (கிராஸ்போ) வாங்கினேன். ரிகேர்வ் வகை (நுனிகள் முன்னுக்கு வளைந்தது), 200 இறாத்தல் இழுவை. நாணின் நடுவில் சுற்றியிருக்கும் நூல் பிரிந்துவிட்டது. புது நாண் தபாலில் வந்துவிட்டது. நான் ஒரு பக்கமும் என் தம்பி ஒரு பக்கமுமாக வில்லை அமுக்கி வளைத்தால் பழைய நாண் கழன்று வராதா? அக்டோபரில் மான் வேட்டை தொடங்குவதற்குள் மாற்றவேண்டும்.
– ஒரு வாசகர், சட்பரி, ஒன்ராறியோ

பதில்: வராது தம்பி. தயவுசெய்து அதை மட்டும் செய்துபார்க்க வேண்டாம். 200 இறாத்தல் என்றால் ஏறக்குறைய 90 கிலோ. ஒருவருடைய உள்ளங்கை ஒரு கணம் வழுக்கினால் போதும், வில்லின் கை, அதாவது வளையும் பாகம், நிமிர்ந்து மற்றவரின் முகத்தில் அடிக்கும். நான் பதினாறு வருடம் ஒரு வில் கடையின் பின்மேசையில் நாண் மாற்றியவன். பலத்தால் ஒரு நாணைக்கூட மாற்றியதில்லை.

உங்களுக்கு வேண்டியது துணை நாண். வில்லை விற்ற நிறுவனமே தனியாக விற்கும், விலையும் அதிகமில்லை. உங்கள் மாதிரிக்கென்று செய்ததையே வாங்குங்கள். அது வேலை நாணைவிடத் தடிப்பு, நீளமும் கூட. அந்த நீளத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதன் இரண்டு முனைகளையும் வில் நுனிகளில் மாட்டி, வழக்கமாக நாணேற்றும் இழுகயிற்றால் பின்னுக்கு இழுத்து, விசைக்கு மேலே நாணைப் பிடித்துவைக்கும் விசைப்பூட்டில் விழவையுங்கள். நாண் நீளம் என்பதால் வில் முழுதாக வளையாது. ஆனால் பழைய நாண் தொய்ந்து தொங்கும் அளவுக்கு வளைந்துவிடும். அப்போது அதை விரலாலேயே கழற்றலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. கொஞ்சம் பஞ்சை எடுத்து வில்லின் இரண்டு கைகளிலும், மேலும் கீழும் ஓரங்களிலும் மெதுவாகத் தடவிக்கொண்டு போங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டி, சிலந்தி நூல்போல நிற்கும். ஒரே இடத்தில் இரண்டு தடவை மாட்டினால் நாணைத் தொடவேண்டாம், வில்லைக் கடையில் காட்டுங்கள். பழைய வில் என்று எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வெடிப்பு இல்லையா, சரி. பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். துணை நாண் பூட்டில் இருக்கும் நேரம் முழுவதும் பாதுகாப்புப் பொத்தான் பூட்டியே இருக்கட்டும், வில்லின் முன்னால் யாரும் நிற்கக்கூடாது. கழற்றிய நாணையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பாருங்கள். புதியது நீளமாகத் தெரிந்தால் முனையிலிருக்கும் ஒரு கண்ணியைப் பிடித்து முறுக்குங்கள், முறுக்க முறுக்க நாண் குறுகும். நடுச்சுற்று நூல் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறதோ அந்தப் பக்கமே முறுக்கவேண்டும். எதிர்ப்பக்கம் முறுக்கினால் அது தளர்ந்துவிடும். பிறகு இரண்டு கண்ணிகளையும் நுனிப் பள்ளத்தில் வையுங்கள். நகத்தால் சுற்றிவரத் தடவி, முழுதாக உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

இனி இறக்குவது. எல்லோரும் வழுக்குகிற இடம் இதுதான். நானும் வழுக்கினேன். கடையில் எனக்கு முதல் வருடம், சனிக்கிழமை, வேட்டைக்கு முந்திய வாரம், மேசையில் ஆறு வில். நாலாவது வில்லில் புது நாணைப் பூட்டிவிட்டு, இழுகயிற்றை மாட்டாமல் விசையை அழுத்திவிட்டேன். அம்பு இருந்தால் வில்லின் சக்தி அம்போடு போகும். அம்பு இல்லாவிட்டால் அத்தனையும் வில்லுக்குள்ளேயே திரும்பி அடிக்கும். வில்லின் இடது கை நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது. அதிலிருந்து தெறித்த சிலும்பு ஒன்று என் ஜாக்கெட்டின் முழங்கையில் குத்தி நின்றது. கண்ணாடி போட்டிருக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கை நடுங்கத் தொடங்கியது.

அதனால் இழுகயிற்றைத் துணை நாணில் மாட்டி, வில்லின் முன்னால் இருக்கும் மிதிவளையத்தில் காலை அழுத்தி, முழுப் பாரத்தையும் உங்கள் கைக்கு எடுங்கள். எடுத்த பிறகு தம்பி பாதுகாப்பை விலக்கி விசையை அழுத்தட்டும். அம்பு இல்லாதபோது விசையை விடாத ஒரு தடுப்பு பல வில்களில் உண்டு. அதை எப்படி உயர்த்துவது என்பதை உங்கள் வில்லின் கைநூலில் பார்த்து, முதலில் இருவரும் வாயால் சொல்லி ஒத்திகை பாருங்கள். பிறகு மெதுவாக, நின்று நின்று முன்னுக்கு விடுங்கள். பாரம் புது நாணுக்குப் போனதும் துணை நாண் தானாகத் தொய்யும், கழற்றிவிடலாம்.

வில்லிலிருந்து நாண் நிற்கவேண்டிய தூரம் கைநூலில் இருக்கும். அளந்து பார்த்து, குறைவாக இருந்தால் வில்லை மறுபடி துணை நாணில் ஏற்றி இன்னும் சில முறுக்கு கொடுங்கள். புது நாண் முதல் நாட்களில் இழுபடும். பத்து அம்பு எய்தபின் அளந்து பாருங்கள், இருபதுக்குப் பின் இன்னொரு முறை. நாண் ரெயிலின் (அம்பு கிடந்து ஓடும் பாதையின்) இரு ஓரத்தையும் தொடும் இடங்களில் வெள்ளைப் பேனாவால் கோடு போடுங்கள். நாணேற்றும்போது இரண்டு கோடும் பூட்டுக்குச் சமதூரத்தில் இல்லாவிட்டால் அம்பு இடமோ வலமோ ஒதுங்கும். வில்லில் குறையென்று கொண்டுவந்தவர்கள் பலருக்கு நான் செய்ததெல்லாம் அந்த இரண்டு கோடு போட்டதுதான்.

எய்யும்போது முன்கைப் பெருவிரல் ரெயிலுக்குக் கீழேயே இருக்கவேண்டும். மேலே நீட்டினால் நாண் அதைச் சீவிவிடும். அப்படிப் பெருவிரல் நுனியை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கேள்வி: என்னுடையது சில்லு வைத்த காம்பவுண்ட் வகை. அதற்கும் துணை நாண் உண்டா?
– ஒரு வாசகர், பிரம்டன்

பதில்: உங்கள் வில்லில் நாணோடு கேபிள்களும் சேர்ந்து ஓடுகின்றன. வில்லின் கைகளை அளவாக அமுக்கிப் பிடிக்கும் அழுத்துகருவி இல்லாமல் எதையும் கழற்றக்கூடாது, பொருத்தமில்லாத கருவியில் வைத்தாலும் கை வெடிக்கும். மாட்டிய பின் இரண்டு சில்லும் ஒன்றாகச் சுழல்கின்றனவா என்று சரிபார்க்கவும் வேண்டும். கடையில் கொடுங்கள். அந்தக் காசு வீண் இல்லை.

நீங்கள் வீட்டில் செய்யவேண்டியது மெழுகு பூசுவது. இழைகள் தெரியும் இடத்தில் பூசி, சூடு வரும்வரை விரலால் தேயுங்கள், மெழுகு உள்ளே இறங்கும். நடுச்சுற்றில் பூசவேண்டாம், அது விசைக்குள் போய்ப் பிசினாகிவிடும். அங்கே ரெயில் எண்ணெய் ஒரு துளி போதும். நடுச்சுற்று விலகி, உள்ளே இழைகள் தட்டையாகத் தெரிந்தாலோ, ஓர் இழை அறுந்திருந்தாலோ, அந்த நாணில் இன்னொரு அம்பு எய்யவேண்டாம்.

கேள்வி: மழையில் நனைந்த நாணால்தான் கிரெசிப் போரில் குறுக்குவில் வீரர்கள் தோற்றார்கள் என்று என் மகன் வாதிடுகிறான். உண்மையா?
– ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: 1346இல் நடந்த போர். பிரெஞ்சு அரசரிடம் கூலிக்கு நின்ற ஜெனோவா வீரர்களின் நாண்கள் மழையில் கெட்டுப்போயின என்றும், ஆங்கிலேயர் தங்கள் நாண்களைக் கழற்றித் தலைக்கவசத்துக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள் என்றும் அக்காலத்து எழுத்தாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஜெனோவா வீரர்களின் பெரிய கேடயங்கள் பின்னால் வந்த வண்டிகளில் கிடந்தன, ஆங்கில நெடுவில் எய்யும் வேகமும் அதிகம். ஆனால் உங்கள் மகன் பிடித்த நுனி நல்ல நுனி. நெடுவில்லின் நாணை ஒரு ஆள் முழங்காலை வைத்து வளைத்துக் கழற்றிவிடலாம். குறுக்குவில்லின் நாணைப் போர்க்களத்தில் நின்று கழற்ற முடியாது.

இன்றைய நாண் பெரும்பாலும் பொலிஎதிலீன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) இழை, தண்ணீர் குடிக்காது. மழையில் நனைந்தால் துணியால் துடைத்து, காய்ந்தபின் மெழுகு பூசச் சொல்லுங்கள்.