மூன்று மணிக்கு ஏறி மூன்றரைக்கு இறங்கினால் எத்தனை மணித்தியாலம்?

கேள்வி: எனக்கு 68 வயது. ஜூலையில் ரொறன்ரோவிலுள்ள மகளிடம் போகிறேன். கட்டுநாயக்காவில் அதிகாலை 3.00 மணிக்கு ஏறி, டுபாயில் மாறி, அதே நாள் பின்னேரம் 3.30க்கு இறங்குவதாக ரிக்கெற்றில் இருக்கிறது. பன்னிரண்டரை மணித்தியாலம்தானா? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் பிடிக்கும் என்கிறார்.
- வாசகி, சாவகச்சேரி

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் கிட்டத்தட்டச் சரி, அம்மா. ரிக்கெற்றில் போடுவது அந்தந்த ஊர் மணிக்கூட்டு நேரம். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது (நவம்பரில் அது பத்தரை ஆகிவிடும்). நீங்கள் அங்கே 3.30க்கு இறங்கும்போது சாவகச்சேரியில் சாமம் ஒரு மணி. ஆக மொத்தம் 22 மணித்தியாலம். டுபாய்க்கு நாலரை, அங்கே காத்திருப்பு மூன்றரை, பிறகு ஒரே இருப்பில் பதினாலு. திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் கொஞ்சம் குறையும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். ஒரு தோடம்பழத்தில் இரண்டு ஊரையும் குறித்து நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் மேற்கே ஓடாமல் வடக்கே ஏறி, ரஷ்யாவையும் கிறீன்லாந்தையும் தொட்டு இறங்கும். டுபாயில் ஏறிய பிறகும் திரையில் விமானம் வடக்கே போவதாகக் காட்டினால் பயப்பட வேண்டாம்.

ஆனால் உங்கள் பயணம் கட்டுநாயக்காவில் தொடங்கவில்லையே. மூன்று மணித்தியாலம் முந்தி, அதாவது முதல்நாள் நள்ளிரவுக்கே அங்கே நிற்க வேண்டும். வீதியால் ஏழு எட்டு மணித்தியாலம் எடுக்கும். மத்தியானச் சாப்பாட்டோடு வான் பிடித்து வெளிக்கிட்டுவிடுங்கள். இரவு பஸ்ஸை நம்பாதீர்கள். இங்கேதான் பலபேர் திகதியைப் பிழைவிடுகிறார்கள்: 12ஆம் திகதி அதிகாலை விமானம் என்றால் வீட்டைவிட்டு வெளிக்கிடுவது 11ஆம் திகதி.

பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம்தானே, அப்படிப் போகலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டி எடுத்துத் திரும்பப் போடவேண்டும். அதற்கு இந்திய விசா தேவை. சின்ன ஏ.ரி.ஆர். விமானத்தில் பெட்டி நிறையும் குறைவு. ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் கட்டுகிற உங்களுக்கு அது சரிவராது.

வீல்செயார் வேண்டுமென்று ரிக்கெற் போட்டவரிடம் இப்போதே சொல்லுங்கள். குளிசைகள் கைப்பையில் இருக்கட்டும். நீரிழிவுக்கு ஊசி போடுபவரென்றால் "22 மணித்தியாலப் பயணம்" என்று வைத்தியரிடம் சொல்லி நேரத்தை எழுதி வாங்குங்கள். கைமணிக்கூட்டை டுபாயில் திருப்பாமல் ஊர் நேரத்திலேயே விடுங்கள். குளிசை நேரத்தை அதில் பார்க்கலாம்.