சிந்த் பாப்பும் டிஜே வேலையும்: மதுரை டிஜே ஒருத்தரோட கேள்வி பதில்

கேள்வி (மேலூர்): அண்ணே, சிந்தசைசர் பாப்புக்கும் (எலக்ட்ரானிக் கருவில சத்தம் உண்டாக்கிப் போடுற பாட்டு) டிஜேக்கும் என்ன சம்பந்தம்? சத்தம் ஒரே மாதிரி இருக்கறதாலயா?

பதில்: சத்தம் ரெண்டாம்பட்சம் தம்பி. தாளம் நகராம நிக்குது பாருங்க, அதான் சம்பந்தம். ஆள் வாசிச்ச டிரம்ஸ் ஒரு இடத்துல ஓடும், இன்னொரு இடத்துல இழுக்கும். காதுக்குச் சொகம், ரெண்டு பாட்டோட தாளத்தைப் பொருத்தி மிக்ஸ் பண்றவனுக்கு வில்லங்கம். 1977ல டோனா சம்மர் பாடுன ‘ஐ ஃபீல் லவ்’ல தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் பேஸை (கனமான கீழ்ச் சத்தத்தை) மூக் கம்பெனி சிந்தசைசர்ல ஓடவிட்டார். கடைசி வரைக்கும் வேகம் அசையாது. 1979ல ரெகார்ட் ஓட்டுற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 டர்ன்டேபிள்ல, பாட்டோட வேகத்தை மாத்துற பிட்ச் ஸ்லைடர் வந்துச்சு, கூட்டவும் குறைக்கவும் 8 சதவீதம். 130 பிபிஎம் (நிமிஷத்துக்கு 130 அடி) பாட்டை ஏறக்குறைய 120லேர்ந்து 140 வரைக்கும் நகத்தலாம். மெஷின் போட்ட தாளம்னா, ஒரு தடவை பொருத்திட்டா அப்படியே நிக்கும். இங்கிலாந்து பேண்டு நியூ ஆர்டரோட ‘புளூ மண்டே’ (1983) வெறும் கிக்குலதான், அதாவது பெரிய டிரம் அடியிலதான், ஆரம்பிக்கும். டிஜேக்கு அதைவிட வேற என்ன வேணும்?

கேள்வி (உசிலம்பட்டி): ராஜா சார் பழைய பாட்டை ஹவுஸ் (மெஷின் தாள டான்ஸ் மியூசிக்) பீட்டோட சேத்தா வழுக்குதுண்ணே. சாஃப்ட்வேரே வேகத்தைப் பொருத்துற சிங்க் பட்டன் அமுக்கியும் நிக்கல.

பதில்: சாஃப்ட்வேர் பாட்டு முழுக்க ஒரே வேகம்னு நெனச்சு கிரிட் (எங்கெங்க அடி விழுதுன்னு காட்டுற கோடுங்க) போட்டிருக்கும். லைவ் ஆர்கெஸ்ட்ரால அது செல்லாது. அங்கங்க கிரிட்டைக் கையால திருத்துங்க, இல்லன்னா சின்னத் துண்டை லூப்பா எடுத்து, திரும்பத் திரும்ப ஓட்டுங்க. இன்னொண்ணு, நம்ம குத்துல நெறைய 6/8, ஆறு எண்ணிக்கைத் தாளம். ஹவுஸ் 4/4, நாலு எண்ணிக்கை. அதுக்கு எந்தப் பட்டனும் உதவாது. பாட்டை நிறுத்தி, ஒரு தவில் ரோலை விட்டு, அடுத்ததை ஆரம்பிக்கறதுதான் மரியாதை.

கேள்வி (திருமங்கலம்): இதெல்லாம் நம்ம நாட்டுக்கு லேட்டாத்தானே வந்துச்சு?

பதில்: எங்க தங்கச்சி! 1982லயே பம்பாய்ல சரண்ஜித் சிங், ரோலண்ட் கம்பெனியோட 808 (டிரம் மெஷின்), 303 (பேஸ் சிந்தசைசர்), ஜுபிட்டர்-8 (சிந்தசைசர்) மூணையும் வச்சு பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்துல ரெகார்ட் போட்டார். அப்ப யாரும் கண்டுக்கல. சிகாகோவுல அதே 303 சத்தத்தோட ‘ஆசிட் டிராக்ஸ்’ங்கற ரெகார்ட் வந்ததே 1987லதான். சிங்கோட ரெகார்ட் 2010ல திரும்ப வந்தப்ப வெளிநாட்டு டிஜேங்க ஆடிப்போயிட்டாங்க.

கேள்வி (புதூர்): மண்டபத்துல ஜெர்மன் எலக்ட்ரானிக் பேண்டு கிராஃப்ட்வெர்க் போட்டா ஆடுவாங்களா?

பதில்: பந்திக்குப் போயிருவாங்க. ஆனா கிராஃப்ட்வெர்க்கோட ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ மெட்டை 1982ல நியூயார்க் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டா 808 தாளத்து மேல வச்சு நியூயார்க்கையே ஆட வச்சார். மெட்டை வச்சுக்கிட்டு அடியை மாத்திப் பாருங்க. நலங்கு நேரத்துல மட்டும் வேணாம், பெருசுங்க செட்டையே ஆஃப் பண்ணச் சொல்லிருவாங்க.