அமெரிக்காவில் வீட்டில் ஒருவர் பெயருக்கு மட்டும் குவியும் தபால்: கேள்வி பதில்

கேள்வி: அப்பா எங்களோடு நியூஜெர்சியில் இருக்கிறார். 'உங்களுக்குப் பரிசு' என்று வரும் கடிதங்களை நம்பிச் செக் எழுதி அனுப்புகிறார். அவர் தபாலை மட்டும் என் ஆபீஸுக்குத் திருப்பலாமா?

பதில்: அவர் சம்மதித்தால் அவர் ஒருவர் பெயருக்கு மட்டும் முகவரி மாற்றம் கொடுக்கலாம். அவருக்குத் தெரியாமல் கொடுத்தால் குற்றம். பவர் ஆஃப் அட்டர்னி இருந்தால் அது வேறு.

ஆனால் நான் இதைச் சொல்ல மாட்டேன். பேங்க் கடிதம், டாக்டர் பில் எல்லாம் சேர்ந்து உங்கள் ஆபீஸுக்கு வந்துவிடும். விளம்பரத் தபாலைப் பொதுவாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் விளம்பரக் கம்பெனிகளுக்குப் புது முகவரி தெரிய தபால் துறையே வழி வைத்திருக்கிறது. கொஞ்ச நாளில் குப்பையும் பின்னாலேயே வரும்.

அனுப்புகிறவனிடம் நிறுத்துவதுதான் வழி. பரிசுப்போட்டிக் கடிதங்களுக்கு 1999-இல் தனிச் சட்டமே வந்தது. பெயரை நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும். கடிதத்திலேயே அதற்கான முகவரியோ போன் நம்பரோ பொடி எழுத்தில் இருக்கும், தேடுங்கள். 'பரிசு வேண்டுமானால் முதலில் பணம் கட்டு' என்று கேட்டால் அது மோசடி. கவரோடு எடுத்து வைத்துத் தபால் துறையின் இன்ஸ்பெக்‌ஷன் சர்வீஸில் புகார் கொடுங்கள்.

கேள்வி: அதற்கும் அடங்காமல் பொருள் விற்கும் விளம்பரங்களை அனுப்பிக்கொண்டே இருந்தால்? ஒரு கம்பெனி இனி தபால் அனுப்பக்கூடாது என்று தபால் துறை மூலம் தடுக்க ஃபார்ம் 1500 என்று ஒரு படிவம் இருக்கிறது என்கிறார்கள், அது ஆபாசத் தபாலுக்குத்தானே?

பதில்: எழுதியிருப்பது அப்படித்தான். ஆனால் எது ஆபாசம் என்று முடிவு செய்வது பெறுபவர் மட்டுமே, அதை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று 1970-இல் ரோவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் வெறும் பாத்திர விளம்பரத்துக்கும் கொடுக்கலாம்! அப்பாவே கையெழுத்துப் போட வேண்டும். வந்த விளம்பரத்தையும் கவரையும் இணைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஃபார்ம். நன்கொடை கேட்கும் கடிதத்துக்கு இது சரிவராது, ஏனென்றால் அவர்கள் எதையும் விற்கவில்லை. அந்த அமைப்புக்கே நேராக எழுதுங்கள்.

கேள்வி: காலேஜ் போன மகள் பெயருக்கு கிரெடிட் கார்டு ஆஃபர் ஓயவில்லை.

பதில்: இந்த ஆஃபர்களை நிறுத்தச் சொல்வதற்கென்றே இருக்கும் 888-567-8688 என்ற நம்பருக்கு அவளையே போன் பண்ணச் சொல்லுங்கள். ஐந்து வருஷத்துக்கு நிற்கும். நிரந்தரமாக நிறுத்த ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவள் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் பேங்க் அனுப்புவது இதில் அடங்காது, அங்கே தனியாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு என்ன வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: தபால் துறையின் இன்ஃபார்ம்டு டெலிவரி இருக்கிறது, இலவசம். அன்று வரப்போகும் கடிதங்களின் கவர் படம் காலையில் ஈமெயிலில் வரும். அப்பாவிடம் சொல்லிவிட்டே பண்ணுங்கள்.

கேள்வி: முன்பு குடியிருந்தவர் பெயருக்கும் வருகிறதே, பிரித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடலாமா?

பதில்: கூடாது. பிரிக்காமல், அவர் இங்கே இல்லை என்று கவர் மேல் ஆங்கிலத்தில் எழுதி மறுபடி தபால் பெட்டியில் போட்டுவிடுங்கள்.