டைல்ஸ் வாங்கும் முன், ஆளைப் பேசும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோபிசெட்டிபாளையம் வாசகி: தோட்டத்தில் வீடு கட்டுகிறோம். கடையில் டபுள் சார்ஜ், ஜிவிடி, பிஜிவிடி என்று அடுக்குகிறார்கள். மகனுக்கு மார்பிள் மாதிரி பளபளப்பாக இருக்க வேண்டுமாம். எதை வாங்குவதுங்க?

மகன் கேட்பது பிஜிவிடி. மேலே டிசைனை அச்சடித்து, கண்ணாடிப் பூச்சு கொடுத்து, பாலிஷ் போட்டது. அந்தப் பாலிஷ் இல்லாதது ஜிவிடி. பார்க்க அழகுதான். ஆனால் அந்த அழகு முழுக்க மேல்பூச்சில்தான் இருக்கிறது. தோட்டத்து வீட்டில் எல்லோரும் மண் காலோடுதான் உள்ளே வருவார்கள். அந்த மணல் நாற்காலிக் காலுக்கு அடியில் மாட்டினால் கீறல் விழுந்துவிடும். டபுள் சார்ஜில் மேல் நிறமே 3, 4 மி.மீ. கனத்துக்கு அழுத்தி வரும். டிசைன் குறைவு, உழைப்பு அதிகம். கடையில் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி ஓரத்தைப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

நானாக இருந்தால் ஆசாரத்துக்கும் (ஹால்) சமையல்கட்டுக்கும் டபுள் சார்ஜ், மகன் அறைக்கு மட்டும் அவர் கேட்கும் பிஜிவிடி என்று பிரித்துக்கொள்வேன். குளியலறைக்கு வழுக்காத மேட் ரகம்தான். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் மறுபேச்சே வேண்டாம். சுவருக்கென்று விற்கும் செராமிக்கை விலை குறைவு என்று தரையில் ஒட்டிவிடாதீர்கள். அது தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். மேலே சொன்ன மூன்றும் விட்ரிஃபைடு, அதாவது கண்ணாடி மாதிரி இறுகச் சுட்ட ரகம். அது அரை சதவீதத்தைத் தாண்டாது.

பல்லடம் வாசகர்: சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் படார் என்று சத்தம். ஹால் நடுவில் நான்கைந்து டைல்ஸ் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டது. கட்டி மூன்று வருடம்தான் ஆகிறது. டைல்ஸ் மட்டமா?

டைல்ஸைக் குறை சொல்லும் முன், தூக்கியதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஆலையிலிருந்து வந்த கட்டக்கோடுகள் பின்பக்கத்தில் புதுசு போலவே இருந்து, நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் சிமெண்ட் உருண்டையின் தடம் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அது ஒட்டவே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தது. விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காது என்றேன் அல்லவா? அதனாலேயே வெறும் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. சூளையிலிருந்து வரும் வெள்ளைத் தூளும் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதை ஈரத்துணியால் துடைக்காமல் ஒட்டினால் பிடிப்பு இன்னும் மோசம்.

இரண்டாவது, இடைவெளி. 'ஜாயின்ட் தெரியக்கூடாது' என்று வீட்டுக்காரரே கேட்டு, ஒன்றோடொன்று இடிக்க வைத்து ஒட்டச் சொல்கிறார்கள். வெயிலில் டைல்ஸ் துளி விரிந்தாலும் போக இடமில்லை, மேலேதான் எழும்பும். டைல்ஸுக்கு நடுவே இடைவெளிக்காக வைக்கும் 2 மி.மீ. ஸ்பேசர் துண்டு கட்டாயம். சுவரோரத்திலும் 5 மி.மீ. விட்டால், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

இப்போது தூக்கிய இடத்தை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். ஹால் முழுக்க ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. டொக் டொக் என்று காலியாகக் கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து வைத்து, அவற்றையும் பெயர்த்து, பழைய கலவையைச் சுரண்டி, சிமெண்ட் பாலுக்குப் பதில் டைல்ஸ் பசை (அட்ஹெசிவ்) போட்டு ஒட்டுங்கள். 20 கிலோ பசை மூட்டை ஒன்று, 3 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய 50 சதுர அடி வரும். செலவுதான். இரண்டுக்கு நாலு அடி டைல்ஸுக்கும் சுவருக்கும் பசை இல்லாமல் ஒட்டவே கூடாது என்பது என் முடிவு.

ஈரோடு வாசகர்: கான்ட்ராக்டரிடம் மொத்தமாக விடலாமா, டைல்ஸ் மேஸ்திரியை நேரடியாகப் பேசலாமா? எப்படிப் பேசுவது?

தினமும் வந்து பார்க்க உங்களால் முடிந்தால் மேஸ்திரி. முடியாவிட்டால் கான்ட்ராக்டர். ஆனால் கான்ட்ராக்டரிடம், 'வேலை செய்யப் போகும் ஆள் யாருங்க, அவர் ஒட்டிய வீட்டைக் காட்டுங்க' என்று கேளுங்கள். புது வீட்டைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு வருடம் ஆன வீட்டுக் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓட்டைக்கு ஓடும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசி முடித்தால் பின்னால் சண்டை வரும். ஸ்கர்ட்டிங் ஓட்ட அடிக் கணக்கா (நீளத்துக்கு மட்டும் கூலி), படிக்கட்டு தனியா, மாடிக்கு ஏற்றுகூலி யார் தலையில், டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கிரவுட் கலவையை அடித்துத் துடைத்துக் கொடுப்பது கூலிக்குள் வருமா, வெட்டும்போது உடைந்தால் யார் பொறுப்பு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் குறைவாகக் கொடுத்து, அறை அறையாக முடிய முடியப் பணம் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை, நாணயத்தால் தட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அவருக்குச் சேர வேண்டியதை அன்றே கொடுத்துவிடுங்கள், இழுத்தடிக்காதீர்கள்.

இன்னொன்று. குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன் வாட்டர் ப்ரூஃபிங் செய்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழ்த் தளத்தில் கசிகிறதா என்று பாருங்கள். வேலை தள்ளிப்போகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் இதை விடவே விடாதீர்கள்.

பொள்ளாச்சி வாசகி: 12-க்கு 10 அடி அறைக்கு எத்தனை பெட்டி?

120 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் நான்கு உள்ள பெட்டி சுமார் 15.5 சதுர அடி வரும். சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 9 பெட்டி. பின்னால் உடைந்தால் மாற்ற இன்னொரு பெட்டி வாங்கிப் பரண் மேல் போடுங்கள். குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் அடுத்த லோடில் அதே டிசைன் இருந்தாலும் நிறம் மாறலாம். பெட்டியில் உள்ள பேட்ச் எண் எல்லாவற்றிலும் ஒன்றுதானா என்று இறக்கும்போதே பாருங்கள்.

காங்கேயம் வாசகர்: தாத்தா கட்டிய தொட்டிக்கட்டு வீட்டில் சிவப்புக் காவித் தரை. அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?

ஒட்டலாம். ஆனால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும், கதவுகளை அறுக்க வேண்டும், வழவழப்பான தரையைக் கொத்திவிட்டுத்தான் பசை போட வேண்டும். விரிசல் இல்லாமல் இருந்தால் தயவுசெய்து கைவைக்காதீர்கள். அப்படி இழைத்துத் தேய்க்கத் தெரிந்த கைகள் இப்போது குறைந்துவிட்டன.

தாராபுரம் வாசகி: போர் தண்ணீரில் குளியலறை டைல்ஸ் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. ஆசிட் ஊற்றலாமா?

வேண்டாம்மா. ஆசிட் உப்பை மட்டும் அல்ல, டைல்ஸுக்கு இடையே உள்ள சிமெண்ட் கிரவுட்டையும் அரித்துவிடும். அந்த வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கிரவுட் ஏற்கெனவே போயிருந்தால் சுரண்டிவிட்டு, சிமெண்டுக்குப் பதில் ரெசினில் செய்த எபாக்சி கிரவுட் அடிக்கச் சொல்லுங்கள். குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரை ஒரு இழு இழுத்துவிட்டால் உப்பு படிவதே பாதியாகக் குறையும்.