இடித்த பிறகு ஒரு நொடி கழித்து வலிப்பது ஏன்?

கேள்வி: கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் பட்டது உடனே தெரிகிறது. உயிர் போகிற வலி மட்டும் சற்றுப் பிந்தி வருகிறதே, ஏன்?

இடித்த கையோடு வந்து கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் விரலை நன்றாகத் தேய்த்து விடுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.

போன வருஷம் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். கட்டிலை யாரோ ஒரு சாண் நகர்த்தி வைத்திருந்தார்கள். (யார் என்று தெரியும், இங்கே வேண்டாம்.) ணங்கென்று பட்டது. சுருக்கென்று ஒரு குத்து. அப்புறம் ஒன்றுமே இல்லை. ‘வரப்போகிறது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டில் நின்றேன். வந்தது, கண்ணில் நீர் முட்டும் அளவுக்கு.

நடந்தது இதுதான். விரல் நசுங்கும்போது அங்குள்ள நரம்பு முனைகளின் சவ்வு இழுபடுகிறது. அதிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் போன்ற அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த மின்மாற்றம் ஒரு வரம்பைத் தாண்டினால் நரம்பில் மின்துடிப்பு கிளம்பும். பலமாக இடித்தால் துடிப்பு பெரிதாவதில்லை, அடுத்தடுத்து வேகமாக வரும், அவ்வளவுதான். தொடுகைக்கான வாயில்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆனால் எல்லாத் துடிப்பும் ஒரே வண்டியில் போவதில்லை. தொடுகைச் செய்தி, உறை போர்த்திய தடித்த நரம்பு இழையில் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் பறக்கிறது. சுருக்கென்ற குத்து 5 முதல் 30 மீட்டர். அந்தக் கடுகடுப்பு இருக்கிறதே, அது உறையே இல்லாத மெல்லிய இழையில் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவாக நடந்து வருகிறது. காலிலிருந்து தண்டுவடத்துக்கே சுமார் ஒரு மீட்டர், அதாவது இந்த நடைக்கு அரை நொடிக்கு மேல். ‘அங்கே நரம்பு மாறுகிறதே, அதை விட்டுவிட்டாயே’ என்று ஒருவர் வருவார். தெரியும் ஐயா, தோராயக் கணக்குதான்.

தேய்த்தால் தொடுகை இழைகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை ஓரளவு அமுக்கிவிடும். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-லேயே சொன்ன விஷயம். நான் தேய்த்தபோது வீட்டில் நாடகம் என்றார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று நாக்கின் படம் வரையாததால் பள்ளியில் எனக்கு ஐந்து மதிப்பெண் போனது. நாக்கில் அப்படித் தனித்தனி வட்டாரம் கிடையாது. எல்லாச் சுவையும் எல்லாப் பக்கமும் தெரியும். அந்த ஐந்தை இனி யார் தருவார்கள்?

சரி, பிந்தி வந்தாலும் வலி வருகிறதே என்று இருங்கள். அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை, பாத நரம்புகள் கெட்டுவிட்டன. அதே கட்டிலில் அவரும் இடித்துக்கொண்டார். தரையில் ரத்தச் சுவட்டைப் பார்த்து நான்தான் சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு, “எப்படா பட்டுச்சு?” என்று என்னைக் கேட்டார்.